சகலையின் எடை குறையும் பெட்டி

என் மனைவி என்னை ஒரு தடவைகூட வாயைப் பிளந்து பார்த்ததில்லை. என் சகலையைப் பார்த்திருக்கிறாள். அவள் தங்கையின் வீட்டுக்காரர் அவர். என்னைவிட வயது குறைவு, தலைமுடி அதிகம். இருவருமே இயற்பியல் படித்துத் தொலைத்ததுதான் சிக்கல். நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அவர் மதுரை ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியர். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு. தாடிக்கொம்பில் மாமனார் வீட்டில் பந்தி போட்டால் மூத்த மாப்பிள்ளை என்று முதல் இலையை எனக்குப் போடுவார்கள். பேச்செல்லாம் அவர் இலைப் பக்கம்தான் நடக்கும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவர் கார் வாங்கியதைப் பொறுத்துக்கொண்டேன், சின்னாளப்பட்டிப் பக்கம் வீடு கட்டியதையும் பொறுத்துக்கொண்டேன். புவியீர்ப்பைக் குறைக்கப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோதுதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

கார் ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு அங்கே ஒரு பெட்டியை வைத்தார். இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் வலை. உள்ளே கனமான பித்தளைத் தட்டு ஒன்று மோட்டாரில் சுற்றும். பூட்டுக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறையில் கொடுத்து அந்தத் தட்டைக் கடைந்து வாங்கியிருந்தார். பெட்டி மொத்தமும் ஒரு எலக்ட்ரானிக் தராசின் மேல் உட்கார்ந்திருக்கும். தட்டு ஒரு மணி நேரம் சுற்றினால் பெட்டியின் எடை குறையும் என்பது அவர் கணக்கு. ஒரு மாதம் சுற்றியும் குறையவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். சும்மா போகக்கூடாது என்று என் மனைவி மாடித்தொட்டியில் பூத்த மல்லிகையை நாலு முழம் நெருக்கமாகக் கட்டி, தண்ணீர் தெளித்து, வாழை இலையில் சுற்றி எடுத்துவந்தாள். பெட்டியின் முன்பக்கம் அதைச் சாத்தினாள். கொழுந்தியாள் கரைத்த சந்தனத்தை நான்கு மூலையிலும் வைத்தாள். சகலை கவனமான ஆள்தான், மறுக்க முடியாது. பூவும் பொட்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மோட்டாரைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு எண் பூஜ்யத்துக்குக் கீழே போனது. ஒரு கிராம், இரண்டு, நான்கு. ஒரு மணி நேரம் ஆவதற்குள் எட்டைத் தாண்டிவிட்டது.

"ஏங்க, குறையுதுங்க!" என்றாள் என் மனைவி. அப்போதுதான் அவள் அவரை அப்படி வாயைப் பிளந்து பார்த்தாள்.

எட்டு கிராம் என்ன பெரிய எட்டு கிராம் என்று தோன்றலாம். பூமி தன் பிடியை விடுகிறது என்றால் எட்டு கிராமும் ஒன்றுதான், எட்டு டன்னும் ஒன்றுதான். அது நிஜமானால், நான் இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்ததில் பாதியை மறுபடி எழுத வேண்டும். அதுவும் சகலையின் பெயரைப் போட்டு எழுத வேண்டும்.

"காத்துதான் தூக்குது தம்பி" என்றேன்.

"நல்ல பாயிண்டுண்ணே" என்றார் அவர். அடுத்த வாரமே பெட்டியின் மேலும் கீழும் தகரம் அடித்துக் காற்றை மறித்தார். அப்போதும் எடை குறைந்தது. அவரிடம் எனக்குப் பிடிக்காததே இந்தக் குணம்தான். நான் குத்த நினைத்துச் சொல்வதையெல்லாம் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்.

"சரி, தட்டை நிப்பாட்டினா எடை திரும்ப ஏறணும்ல? ஏறலையே?"

"அதாண்ணே ஆச்சரியமே. நிப்பாட்டினாலும் செத்த நேரம் அந்த விளைவு தங்குது." அதற்கு 'மிச்ச விளைவு' என்று பெயரே வைத்திருந்தார். தராசை மறுபடி பூஜ்யமாக்கி, தட்டைச் சுற்றாமல் ஒரு மணி நேரம் சும்மா வைத்தும் காட்டினார். எடை அசையவில்லை. ஆக, சுற்றினால் குறைகிறது, சுற்றாவிட்டால் குறையவில்லை.

ஒரு மாதம் நடக்காதது அக்கா காலடி வைத்த அன்றைக்கு நடந்துவிட்டது என்று கொழுந்தியாள் எல்லோரிடமும் சொன்னாள். என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு முழம் பூ கட்டி, ஈர இலையில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு என் ஸ்கூட்டரில் மாட்டிவிடுவாள்.

"மெசினுக்குப் போடச் சொல்லுங்க. சூடு படாமக் கொண்டு போங்க."

பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்த களைப்போடு, இன்னொருத்தன் மெஷினுக்குப் பூ சுமந்துகொண்டு மதுரை ரோட்டில் போவேன். அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்பு எண் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவேன். போகாமலும் இருக்க முடியவில்லை. ஒரு நாளாவது குறையாமல் போகாதா என்ற ஆசைதான்.

அவர் கட்டுரை எழுதி இணையத்தில் போட்டார். ஒரு யூடியூப் சேனல்காரர்கள் கேமராவோடு வந்து, புவியீர்ப்பை வென்ற திண்டுக்கல்காரர் என்று போட்டார்கள். முடிவெட்டும் கடையில், பிரியாணிக் கடையில், ஸ்டாஃப் ரூமில் எல்லாம் ஒரே கேள்வி. "சார், உங்க சகலையாமே?" ஆமாம் என்று பல்லைக் காட்டுவேன். என் வகுப்புப் பையன்களோ பாடத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றிக் கேட்டார்கள்.

பிறகு அடி விழ ஆரம்பித்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் இது பித்தலாட்டம் என்று எழுதினார்கள். இந்தக் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். நான் ஒவ்வொன்றையும் காபி குடித்துக்கொண்டே இரண்டு தடவை படித்தேன். கல்லூரி நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, பொங்கல் முடிந்து திங்கட்கிழமை மூன்று பேராசிரியர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள், முடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுங்கள் என்றது. வீட்டுக் கடன் பாதிகூட முடியவில்லை. கொழுந்தியாள் போனில் அழுதாள், இங்கே என் மனைவியும் சேர்ந்து அழுதாள்.

மார்கழி பிறந்தது. பனியில் எங்கள் தொட்டியில் மொட்டே வைக்கவில்லை. மார்க்கெட்டில் மல்லிகை விலை வருடா வருடம் ஏறுவதுபோல ஏறி, கேட்டால் தலை சுற்றும் இடத்தில் போய் நின்றது. என் மனைவி கனகாம்பரம் கட்டிக் கொடுத்தாள். சகலை மோட்டாரைப் போட்டார். எண் இறங்கவில்லை. அரை கிராம் ஆடியது, அவ்வளவுதான். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. பனிக்காலம், வோல்டேஜ் சரியில்லை, பேரிங் தேய்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். தாடி வளர்ந்தது. சட்டை தொளதொளவென்று ஆனது.

நான் திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை என் மனைவி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாலு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். பொங்கலுக்குத் தன் தலைக்கு ஒரு முழம்கூட அவள் வாங்கிக்கொள்ளவில்லை. விலை கேட்டுவிட்டுச் செவ்வந்தியை வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டு ஆனா என்ன? இந்த ஒரு வாரமாச்சும் சாமி கண்ணத் தொறக்கட்டும்" என்றாள்.

எனக்குள் ஏதோ கருகியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவைச் சாத்தினார்கள், தராசைப் பூஜ்யமாக்கினார்கள், மோட்டாரைப் போட்டார்கள். ஒன்று, இரண்டு, நான்கு. சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நான் சிவப்பு எண்ணைப் பார்க்கவில்லை. காசைக் கொட்டி வாங்கிய பூவையே முறைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தெரிந்தது. வரும்போது கொழுகொழுவென்று இருந்த சரம், வலைக்குள்ளிருந்து பக்கவாட்டில் அடிக்கும் சூட்டுக் காற்றில் துவண்டு சிறுத்துப் போயிருந்தது.

பூவில் தண்ணீரைத் தெளித்து எடை போடுகிறான் என்று தினமும் சண்டை நடக்கிற ஊர் இது. ஈரம் காய்ந்தால் பூவின் எடை இறங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஈரத்தைப் பிடித்துவைக்காத கனகாம்பரத்தில் இறங்க ஒன்றும் இல்லை. தட்டை நிறுத்தினாலும் எடை திரும்பாது, காய்ந்த பூவில் தண்ணீர் எங்கிருந்து வரும்? சுற்றாமல் வைத்துக் காட்டியதும் எப்போதும் காய்ந்த பூவோடுதான். மல்லிகை விலை ஏறியதும் புவியீர்ப்பு திரும்பி வந்திருந்தது. பூமியின் பிடியைத் தளர்த்தியதெல்லாம் என் ஸ்கூட்டரில் தொங்கிக்கொண்டு போன சாமான்தான்.

அன்றைக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரட்டும், மூன்று பேர் முன்னால் மாட்டட்டும் என்று வீட்டுக்கு வந்தேன். விடிந்ததும் வேறு ஒன்று உறைத்தது. அந்த மூன்று பேரும் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் இந்தப் பெயரும் அவர்களுக்குத்தான் போகும். மாதக்கணக்கில் ஸ்டூலில் உட்கார்ந்து வயிறெரிந்தது நான். என் மனைவியின் கண்முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டில் நானே நாலு முழம் மல்லிகை வாங்கினேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். கார் ஷெட்டில் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினேன். பூவைச் சாத்தி, தராசைப் பூஜ்யமாக்கி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனையும் துணி காய வைக்கிற ஹீட்டரையும் போட்டேன்.

தட்டு சும்மா நின்றது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக எண் இறங்கியது. காற்றில் தராசு சற்று ஆடியதால் ஃபேனை நிறுத்தியும் காட்டினேன். ஏழு கிராம் குறைவாக அப்படியே நின்றது.

"பூ காயுது தம்பி" என்றேன். "அம்புட்டுத்தான்." நான் எதிர்பார்த்ததைவிடக் குரல் சத்தமாக வந்துவிட்டது.

கொழுந்தியாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என் மனைவி மெதுவாக, "என் பூவா?" என்றாள். சகலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

பூவுக்குத் தண்ணீர் தெளித்து மறுபடி போட்டோம். அப்புறம் பூவே இல்லாமல் போட்டோம். அவரே மோட்டாரைச் சுற்றவிட்டும் பார்த்தார். பூ இல்லாவிட்டால் எதுவும் அசையவில்லை. அவர், "மிச்ச விளைவு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அது சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"நல்ல வேளண்ணே. திங்கக்கெழம மானம் போயிருக்கும்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவர் பெட்டியையே திறக்கவில்லை. மூன்று பேர் முன்னாலும், அவரே கூப்பிட்டிருந்த அந்த யூடியூப் கேமரா முன்னாலும் நின்று, தான் சொன்னது தப்பு, காரணம் ஈரப் பூ, கண்டுபிடித்தது எங்கள் அண்ணன் என்று சொன்னார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வந்த மூவரில் மூத்தவர் எழுந்து கை கொடுத்தாராம். ராஜினாமா பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பித்தலாட்டம் என்று எழுதியவர்களே, இப்படி நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று எழுதினார்கள். இரண்டாவது வீடியோ முதல் வீடியோவைவிடப் பரவியது. முடிவெட்டும் கடையில், "சார், உங்க சகலை தங்கமான மனுசன் சார்" என்றார்கள். கண்டுபிடித்த அண்ணன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மனைவி அடுப்படியில் நின்று அந்த வீடியோவை மறுபடி மறுபடி போட்டாள். எங்கள் அண்ணன் என்று அவர் சொல்லும் இடம் வரும்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு தடவையாவது என் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தேன். கடைசியில் போனோடு வந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எம்புட்டு லேசா சொல்லிட்டாரு பாருங்க, தப்புப் பண்ணிட்டேன்னு. அம்புட்டுப் பேரு முன்னாடி. இத்தன வருசத்துல உங்க வாயில அந்த ஒரு வார்த்தைய நான் கேட்டதில்ல."

"நான்தானே கண்டுபிடிச்சேன்?"

"நீங்க தப்புக் கண்டுபிடிக்கிறத நான் கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்குறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல.

சொல்லியிருக்கலாம். அவள் காது கிழிய நான் கத்திய நாள்கள், அவள் தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் முறுக்கிக்கொண்டு இருந்தது என்று வரிசையாக வந்து நின்றன. வாயைத் திறந்தேன்.

"காபி ஆறிப் போச்சு" என்றேன்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.