வாசல் வெளிச்சத்தில் ஒரு கருப்பு ஓவியம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஆழ்வார்பேட்டையில் ஓர் ஓவியக் கூடத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்ததும், எனக்குத் தெரியாத ஓவியப் பாணியே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி என்னைத் தனியாக விட்டுப்போன முதல் நாளே, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் வந்தார். ஒரு படமாவது விற்றுக்காட்ட வேண்டுமென்று எனக்குத் துடிப்பு. முழுக்கக் கருப்பாக இருந்த நவீன ஓவியத்தைக் காட்டி, "இதுல உருவம் தேடக் கூடாது மேடம். உணர்ச்சிதான் முக்கியம். கருப்புன்னா துக்கம்" என்றேன்.

"ஏம்மா, இதை வாசலுக்குக் கொண்டா. டியூப்லைட்ல கலர் ஏமாத்தும்."

"மேடம், இது புடவை இல்ல!"

"அதுக்கு? பாக்கறது இதே கண்ணாலதானே?"

அவர் விடவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைக் கழற்றி வாசலுக்குத் தூக்கிப் போனேன். வெளிச்சம் பட்டதும் கருப்புக்குள்ளிருந்து நீலமும் பச்சையும் மேலே வந்தன. சாய்க்கச் சாய்க்க நிறம் மாறியது.

"துக்கம் எங்கேம்மா? மயில் கழுத்து கலர்ல ஜம்முன்னு இருக்கு!"

படத்தை அவர் பக்கம் திருப்பி, "எடுத்துக்கறீங்களா மேடம்?" என்றேன்.

"ஐயோ, எங்க வீட்டு கர்ட்டன் சிவப்பும்மா" என்று காரில் ஏறிவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு எரிச்சல். பாதி அவர் மேல், மீதி என் மேல். அந்தப் படத்தைப் பற்றி அத்தனை படித்திருந்தேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது யார் வந்தாலும் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். துக்கமா இல்லையா என்று அவர்களே சொல்லட்டும்.