முப்பத்தோராம் பக்கம்

மன்னார்குடி வட்டாரத்தில் வேம்புவின் புருஷன் முருகையனைப் போல மரம் ஏற ஆள் கிடையாது. காலில் தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள். பேசிக்கொண்டே உச்சிக்குப் போய்விடுவான். அப்பேர்ப்பட்டவன் 1978 ஐப்பசியில், கொட்டுகிற மழையில், மிராசுதார் சபாநாயகத்தின் தென்னையிலிருந்து விழுந்து செத்தான்.

அன்றைக்கு மிராசுதார் வீட்டுக்குக் கட்சிப் பெரியமனிதர்கள் வந்திருந்தார்கள். ஆட்சி மாறியதும் கதரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரைவேட்டி கட்டிய மனுஷன், விருந்தாளிக்கு இளநீர் கொடுக்காமல் விடுவாரா?

"மரம் வழுக்குதுங்க, மழை விடட்டும்" என்றான் முருகையன்.

"கூலி உயர்வு வேணும்னு கொடி புடிச்சப்ப வழுக்கலையோ? ஏறுடா" என்றார் அவர். அவர் வீட்டுக் கொல்லையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்த வேம்பு இதைக் காதால் கேட்டாள்.

ஆளைக் கொன்றது போதாதென்று, குடித்துவிட்டு ஏறினான் என்று போலீசுக்கு எழுதியும் கொடுத்தார் அந்தப் பாவி. மதுவிலக்கு இருந்த காலம். போலீஸ்காரன் பிணத்தின் வாயை முகர்ந்து பார்த்தான். சாராய வாடையே ஆகாதவன் காகிதத்தில் குடிகாரனாகிப் போனான். வேம்புவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலைப் பதினேழு வருஷம் அவள் அணையவிடவில்லை.

அறிவொளி வகுப்பு வந்தபோது நாற்பது வயதில் எழுத்துப் படித்தாள். மற்றவர்கள் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். இவள் சபாநாயகத்தின் பெயரை எழுதிப் பழகினாள்.

பிறகு கூத்தாநல்லூரில் ஹபீப் முகம்மதுவின் அச்சகத்துக்குத் தாள் மடிக்கப் போனாள். அரபு நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன புத்தகம் அவர் அலமாரியில் கிடந்தது. பாறை ஏறுகிறவர்களுக்கான புத்தகம். நம் பக்கம் பாறை என்றால் அம்மிக்கல்தான், அதை யார் சீண்டுவார்? வேம்பு சீண்டினாள். படத்தில் ஒருத்தன் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"இது நம்ம தொழில்தானே பாய்? என்ன போட்டிருக்கு, சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டாள்.

அவர் தினம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னார். ஏறுமுன் விரலையும் தோளையும் பழக்கிச் சூடேற்று. நரம்பு வலித்தால் அன்றைக்கு ஏறாதே. பயம் வந்தால் மூச்சை நிதானமாக விடு, அடுத்த பிடியை மட்டும் பார். ஈரத்தில் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லப் பழகு. கடைசியில், விழுந்தவர்களின் விவரம்: எந்தப் பாறை, எந்த நாள், என்ன காரணம்.

"விழுந்தவனப் பத்திக்கூடவா எழுதுவாங்க?"

"அடுத்தவன் விழக்கூடாதுல்ல வேம்பக்கா."

வேம்பு அன்றைக்கே நோட்டு வாங்கினாள். நன்னிலம் தொடங்கித் திருவையாறு வரை மரம் ஏறுகிறவர்கள் வீடு ஒன்று விடாமல் போய்க் கேட்டு எழுதினாள். 1995 தையில் வேம்புவின் பெயரில் 'மரம் ஏறுவோர் கைநூல்' பாய் அச்சகத்திலிருந்து வந்தது. முன்பாதியில் உடம்புக்கும் மனசுக்குமான பயிற்சி, பின்பாதியில் விழுந்தவர்கள். யார் மரம், யார் ஏறச் சொன்னது, எல்லாம் பெயரோடு. முப்பத்தோராம் பக்கத்தில் சபாநாயகம்.

அதற்குப் பிறகு அவர் தோப்புக்கு ஒரு பயல் வரவில்லை. கூப்பிட்டால், "முப்பத்தொண்ணா? வேற ஆளப் பாருங்க" என்று சைக்கிளைத் திருப்பினார்கள். மூன்று பறிப்பு தவறியது. முற்றிய காய் விழுந்து அவர் கார் கண்ணாடி நொறுங்கியது. அடேயப்பா, வேம்புவுக்கு அன்றைக்குச் சோறு எப்படி இறங்கிற்று!

கடைசியில் மனுஷன் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். "பாய் எழுதி உன் பேரப் போட்டுட்டாரு, தெரியும். அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லு. ரெண்டு மா நிலம் எழுதி வைக்கிறேன்."

நிலம் என்றதும் அவள் மனசு ஆடத்தான் ஆடியது, பொய் சொல்வானேன்.

"நிலம் வேணாங்க. என் வீட்டுக்காரர் குடிக்கலன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. அந்தப் பக்கத்த எடுத்துடுறேன்."

இவ்வளவுதானா என்று அவர் ஒரு வரி கிறுக்கி நீட்டினார். "பாய்கிட்ட காட்டு, படிச்சுச் சொல்வாரு."

வேம்பு வாங்கி, 'முருகையன் குடிக்கவில்லை' என்று ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"மழை எங்க? நீங்க ஏறச் சொன்னது எங்க? அதயும் எழுதுங்க. தோப்பு காத்துக்கிட்டிருக்குல்ல."

அந்த வரிக்குக் கீழேயே அதையும் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

இரண்டாம் பதிப்பு வந்ததும் முதல் பிரதியை வேம்புவே கொண்டுபோய்க் கொடுத்தாள். "சொன்னபடி பழைய பக்கத்த எடுத்துட்டேங்க, பாருங்க."

அவர் முப்பத்தொன்றைப் புரட்டினார். அவருடைய கையெழுத்திலேயே, அப்படியே படம் பிடித்து அச்சாகியிருந்தது: 'முருகையன் குடிக்கவில்லை. மழையில் அவனை ஏறச் சொன்னது நான்தான். சபாநாயகம்.'

"இந்தத் தடவை ரெண்டாயிரம் பிரதிங்க" என்றாள் வேம்பு.