தட்டிப் பார்க்காமல் கையெழுத்தில்லை

இந்த வட ஜெர்மனி ஊரில் சாப்பாட்டு மேசைக்கு வருகிறவர்கள் வாய்திறந்து வணக்கம் சொல்வதில்லை. விரல்முட்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் தட்டினேன். பழக்கதோஷத்தில் காதைச் சாய்த்துக் கேட்கவும் செய்தேன். மேசைக்கு என்ன கோளாறு என்று மேலாளர் ஸ்டெஃபான் நிஜமாகவே குனிந்து பார்த்தார். திண்டிவனத்துப் பக்கம் எங்கள் புன்செய்க் கொல்லையில் தர்பூசணி போடுகிறோம். தட்டிவிட்டுக் கேட்காமல் போகிறவரை அங்கே வியாபாரி என்றே சேர்க்கமாட்டார்கள்.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான். காற்றாலை இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. விரிசல் விட்டால் ஒட்டுப்போடுவார்கள். காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, ஒட்டு பிடித்திருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். பொருளின் விறைப்பைப் பொறுத்து ஒலியின் வேகம் மாறும். இழை ஓடும் திசையில் ஒரு வேகம், குறுக்கே வேறொன்று. சென்ற மாதம் ஓர் இறக்கைக்குப் புதுவகைப் பிசினில் ஒட்டுப்போட்டார்கள். பழைய பிசினின் ஒலிவேக அட்டவணையை வைத்துச் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துக் கேட்டார் ஸ்டெஃபான். ஒட்டோடு சேர்த்துச் செய்த மாதிரித் துண்டை அளக்காமல் போடமாட்டேன் என்றேன். உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே அட்டவணைப்படிதான் என்றார். விழுப்புரத்துக்கு பஸ்ஸில் நசுங்கிப் போய்ப் படித்த படிப்பு எனக்கு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது போனால் விசாவும் போகும்.

கொல்லையில் அறுப்பு வேலையாக இருந்த அக்காவிடம் போனில் சொன்னேன்.

"உனுக்கு எதுக்குடி இந்த பேஜாரு? கையெழுத்தப் போட்டுட்டு வேலயப் பாத்துக்கினு இரு."

"பக்கத்துக் கொல்லப் பழத்தத் தட்டிப் பாத்துட்டு நம்ம பழத்த நல்லதுன்னு விப்பியாக்கா?"

கையிலிருந்த பழத்தை அவள் தட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "போடாதடி" என்றாள்.

போடவில்லை. மாதிரித் துண்டை இழையின் திசையிலும் குறுக்கேயும் சாய்வாகவும் அளந்தேன். ஒலி அட்டவணை சொன்னதைவிட மெதுவாக ஓடியது. அதாவது, ஒட்டின் அடியிலிருந்து எதிரொலி வந்து சேரும் முன்பே, அட்டவணைப்படி நேரம் முடிந்ததென்று கருவி கேட்பதை நிறுத்திக்கொண்டிருந்தது. புதிய கணக்கை ஏற்றி மறுபடி சோதித்தபோது, ஒட்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பிடிப்பே இல்லை. ஸ்டெஃபான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பிட வந்தவர், என் எதிரே மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். தட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கவே காதைச் சாய்த்தேன். விரல் இந்த ஊர் வழக்கத்துக்கு வந்துவிட்டது. காதை மாற்றிக்கொள்வதாக இல்லை.