நான் பார்க்காமல் விட்ட திருத்தச் சட்டம்

1. கையெழுத்து விழாத படிவம்

கிளிநொச்சியில் நான் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கிக் கதிரை போட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். தர்மபுரத்திலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். கணவர் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். அரசாங்கக் காணியான வயலின் அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில் இருந்தது. இப்போது கணவரின் தம்பி அந்த வயலைத் தனக்குக் கேட்டு மனுப் போட்டுவிட்டார். மூன்று கிழமையில் விசாரணை. கணவரின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று காட்ட அக்காவிடம் ஒரு பத்திரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வயல் கைமாறிவிடும்.

சட்டக் கல்லூரியில் போட்டோகொப்பி எடுத்து வைத்திருந்த மரணப் பதிவுச் சட்டத்தை விரித்தேன். காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவு செய்யலாம் என்று அதில் இருந்தது. அரை மணித்தியாலத்தில் விடை. கெட்டிக்காரி என்ற நினைப்போடு படிவத்தை அவர் முன் நீட்டினேன்.

அக்கா அதை ஆறுதலாக வாசித்தார். பேனையைத் தொடவில்லை.

"இதில கையெழுத்துப் போட்டா நானே அவரைச் சாக்காட்டின மாதிரி, மிஸ். வயல் போனாப் போகட்டும்."

இது வெறும் பேப்பர்தான், எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சட்டம் விளங்காத மனுசி என்று மனதுக்குள் திட்டினேன்.

2. இரண்டாவது வரி

சட்டம் விளங்காதவள் யார் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. வேறொருவரின் வேலைக்காகக் கணினியில் அதே சட்டத்தின் பெயரை அடித்தேன். இரண்டு வரிகள் வந்தன. இரண்டாவதன் வாலில் 'திருத்தம்' என்று இருந்தது.

இளையவர்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பாராளுமன்றம் முதலில் ஆக்குவது மூலச் சட்டம். பிறகு அதில் மாற்றுவதும் சேர்ப்பதும் திருத்தச் சட்டம். நடைமுறை விபரங்கள் ஒழுங்குவிதிகளாக வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வரும். மேல் நீதிமன்றங்கள் அதற்கு என்ன பொருள் சொல்லியிருக்கின்றன என்பதை முன்தீர்ப்புகளில் தேடவேண்டும். இவ்வளவையும் பார்த்தால்தான் தேடி முடித்ததாகக் கணக்கு. நான் மூலச் சட்டத்தோடு பாயைச் சுருட்டிவிட்டேன்.

அந்தத் திருத்தத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. காணவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்துக் குடும்பம் அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். நான் கதிரை போடுவதற்கு முன்பே வந்த சட்டம் அது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அடுத்த நாள் காலையே ஸ்கூட்டியில் தர்மபுரம் போனேன். முற்றத்தில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அக்கா அந்தப் பிரிவை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

"அவர் செத்தவர் எண்டு இதில எங்கையும் இல்லையோ?"

"இல்லை அக்கா."

கையெழுத்து விழுந்தது. விசாரணையில் விண்ணப்பத்தின் பிரதியைக் காட்டி, சான்றிதழ் வரும்வரை ஒத்திவைக்கச் சொல்லித் தவணை வாங்கினோம். சான்றிதழ் வந்ததும் வயலைப் பராமரிக்கும் பொறுப்பை அக்காவிடமே விட்டார்கள்.

ஒன்றைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். பாவம், இந்த மனுசியை ஏன் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்காவின் முகம் தெளிந்தது.

"அது நல்லதுதானே, மிஸ். ரெண்டு வருசத்துக்கு ஒருக்காவாவது அவர் வந்திட்டாரோ எண்டு ஆராவது கேப்பினம்."

அக்கா புதுப்பிக்க வரும் ஒவ்வொரு முறையும் சட்டம் மாறியிருக்கிறதா என்று புதிதாகத் தேடுகிறேன். நேற்றுப் பார்த்தது இன்றைக்குப் போதாது என்பதுதான் என் தொழிலில் நான் படித்த பாடம். அக்கா எதிர்பார்க்கும் கேள்வி படிவத்தில் கிடையாது. அதனால் பேனையை எடுக்க முன்னர் நானே கேட்டுவிடுவேன்.

"அண்ணை வந்திட்டாரோ, அக்கா?"

"இன்னும் இல்லை, மிஸ்."