ஞாயிற்றுக்கிழமை வலை

கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியார் கிறிஸ்துநாயகத்தின் கார் ஓட்டிய கனகலிங்கம் கெட்டிக்கார றைவர். ஆனால் வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் அவனுக்குச் சோறு. வேலை கேட்டுப் போன அன்று, "எந்த ஊர்?" என்று ஐயா கேட்க, "கரவெட்டி" என்று கமம் செய்கிற உள்ளூர் ஒன்றைச் சொல்லிவிட்டான். கடற்கரைப் பிள்ளைகளை அந்த வீட்டுப் படியேற விடமாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. பருத்தித்துறைக்குக் கிழக்கே கரைவலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவன் அன்றோடு கமக்காரன் மகனானான். புகையிலை, வெங்காயம் என்று கதையளந்து காலம் தள்ளினான். மீன் வாசம் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் தாயைப் பார்க்கப் போவதையும் குறைத்தான். பொய்யை அறிந்தவன் அண்ணன் முத்துக்குமாரு ஒருவன்தான்.

முப்பத்தாறாம் ஆண்டு ஐயாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வெளிநாடுகளில் கடற்கரை மணலில் கார்ப் பந்தயம் விடுகிறார்களாம். யாழ்ப்பாணத்தான் என்ன குறைந்தவனா? அச்சுவேலியில் கார் வைத்திருந்த சிநேகிதர் சீவரத்தினமும் சம்மதித்தார். எத்தனையோ கரை இருக்க, இருவரும் தேர்ந்தது கனகலிங்கம் பிறந்த கரையைத்தான்.

"ஞாயிறு பின்னேரம் வைப்பம். அண்டைக்குக் கடற்றொழில் இல்லை, கரை வெறுமையாய்க் கிடக்கும்" என்றார் ஐயா.

அவர் கண்ட மீன்பிடிகாரர் பட்டணத்துக் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். கனகலிங்கத்தின் ஆட்களோ சைவர். வெள்ளிக்கிழமைதான் வலையைத் தொடமாட்டார்கள். இதைச் சொன்னால், "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்பார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்தான். பயந்த மனத்துக்கு அது எங்கே தோன்றும்? "ஓம் ஐயா" என்றான்.

ஞாயிறு வந்தது. அலை நனைத்து இறுகிய மணலில் இரண்டு கார்களும் சீறின. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கார்ச் சில்லுப் புதைகிற மணல், விலக வழியில்லை. சீவரத்தினத்தின் கார் பின்தங்கியது. பக்கத்தில் இருந்த ஐயா, "விடடா, விடு!" என்று துள்ளினார்.

மணல் மேட்டைச் சுற்றியதும் வலைக் கயிறு தெரிந்தது. கடலிலிருந்து ஏறிக் கரையைக் குறுக்கே மறித்திருந்தது. வலைகாரர் கடலைப் பார்த்தபடி வரிசையாக நின்று பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அலைச் சத்தத்தில் கார்ச் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. முதல் ஆள் முத்துக்குமாரு.

கனகலிங்கம் காரைக் கடலுக்குள் திருப்பினான். முகப்பு தண்ணீரில் முட்டி, இயந்திரம் விக்கி நின்றது. பின்னால் வந்த சீவரத்தினம் இதைக் கண்டு தூரத்திலேயே காரை நிறுத்தினார். கயிற்றுக்காரர் ஓடிவந்தார்கள். நனைந்த வேட்டியோடு இறங்கிய ஐயா பாய்ந்தார்.

"அடே, ஞாயிற்றுக்கிழமையிலையும் வலை வளைக்கிறியளோ?"

"நாங்கள் வெள்ளிதான் வலை தொடமாட்டம் ஐயா" என்றான் முத்துக்குமாரு.

"இதை முன்னமே ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!"

முத்துக்குமாரு காருக்குள் பார்த்தான். அங்கே தம்பியின் கண்கள் கெஞ்சின. கூட வந்தவர்களைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு ஐயாவிடம் திரும்பினான்.

"உங்கடை றைவர் ஆர் பெத்த பிள்ளையோ ஐயா, எங்கடை உயிரைக் காப்பாத்திப்போட்டார்."

வேலை போகாமல் தப்பியது என்று அந்த நேரத்திலும் கனகலிங்கத்தின் மனம் கணக்குப் போட்டதை நினைக்க, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வலைக் கயிற்றில் ஒரு துண்டை அறுத்துக் காரின் பின்புறத்தில் கட்டினார்கள். தானும் பிடித்து இழுக்கலாம் என்று கதவைத் திறந்தான்.

முத்துக்குமாரு கதவை மெல்லச் சாத்தினான்.

"நீங்கள் இருங்கோ. உங்களுக்கு உப்புத்தண்ணி பழக்கமிராது."

அவன் இருந்தான். அண்ணன் இழுக்க, கார் கரையேறியது.