மூடாத பெட்டி

கசில்டாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு பஸ். வடக்கே எல்லையோரத்து ஊரில் வேலை பார்க்கும் மகள் யாமிலே டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். வருஷா வருஷம் வந்துபோகிற தூரமில்லை, போனால் போனதுதான். பையைக் கல்லறைத் தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குள் புருஷன் ஃபெர்மினைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். அவர்கள் ஊரான போமுச்சில் செத்தவர்களைப் புதைத்ததோடு விடுவதில்லை. மூன்று வருஷம் கழித்து எலும்புகளை எடுத்துத் துடைத்து, பூவேலை செய்த துணி விரித்த மரப்பெட்டியில் அடுக்கி, மாடத்தில் வைப்பார்கள். அப்புறம் ஆண்டுதோறும், செத்தவர்களின் ஆத்மாக்கள் வீடு வந்துபோகும் நாளுக்கு முன்னால், துடைத்துத் துணி மாற்ற வேண்டும். மாமனார், மாமியார் பெட்டிகளைப் பத்தொன்பது வருஷமாகக் கசில்டாதான் துடைக்கிறாள். இது மூன்றாவது பெட்டி.

உயிரோடிருந்தவரை ஃபெர்மின் சோளக்காட்டுக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவான். இருபத்தாறு வருஷம். யாராவது கேட்டால், "கோழி வெளிய போயிடும்ல" என்பான். ஊரே சிரித்தது. அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

சாவி பிடித்த அந்த விரல்கள் இப்போது சாக்பீஸ் துண்டு மாதிரி லேசாக இருந்தன. இதற்கா இத்தனை பயந்தோம் என்று ஆத்திரமாக வந்தது.

நாத்தனார் நிக்கோலாசா ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே மேற்பார்வை செய்தாள். "பல்லை நல்லாத் தேய்டி. என் தம்பிக்குச் சிரிச்ச முகம்."

"என்கிட்ட இல்ல மதினி, ஊர்க்காரங்ககிட்ட."

"செத்தவனப் பத்தி என்னடி பேச்சு? ஆமா, இந்தப் பை எதுக்கு?"

"மககிட்டப் போறேன். இனிமே மூணு பெட்டியும் உங்க பொறுப்பு."

"நல்லாருக்கே! என் முட்டி மடங்குமா? தொடைக்க ஆளில்லாட்டி மூணு பேரும் தெருத்தெருவா அலைவாங்க, பாத்துக்க."

"அலையட்டும். காலாற நடக்கட்டும்."

கால் எலும்பிலிருந்து அடுக்கி, கடைசியாக மண்டையோட்டை வைத்தாள். பெட்டியைத் தலைக்கு மேலிருந்த மாடத்தில் ஏற்றினாள். மூடியைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். செத்தவர்களுக்கு வெளியே பார்க்கணுமே. கசில்டா இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள்.

"அடிப்பாவி! மூச்சு முட்டும்டி அவனுக்கு!"

"எனக்கு முட்டலயா? இருபத்தாறு வருஷம். பழகிடும்."

பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். வழிநெடுகத் திறந்த பெட்டிகள், புதுத்துணிகள், வெளியே பார்க்கும் முகங்கள். பஸ் தயாராக நின்றது. படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் ஃபெர்மின் பூட்டும் பழைய சத்தம் காதுக்குள் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்று தெருப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பகல்களெல்லாம் ஞாபகம் வந்தன. அந்த இருட்டு எப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒருத்தரை அதில் விட்டுப்போக மனம் வரவில்லை. நிக்கோலாசாவுக்கோ மாடம் எட்டாது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க, ஓடி வந்துடறேன்," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

மூடியை நான்கு விரல் அகலம் தூக்கி வைத்தாள். கசங்கியிருந்த துணியை நீவிவிட்டாள். ஹார்ன் இரண்டு முறை அடித்தது. பிறகு பஸ் மதிலை ஒட்டிக் கடந்துபோகும் சத்தம் கேட்டது.

நிக்கோலாசா ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். "அடுத்த வருஷத் துணிக்கு என்ன கலர் நூலு வாங்கட்டும்?"

"நீலம்," என்றாள் கசில்டா. சொன்ன பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது.