பின்பக்க விளக்கும் ஐந்து கோழிகளும்

செவலைக்கோழி அன்று காலை கூட்டை விட்டு வெளியே வந்து, தீவனத்தட்டின் பக்கம் போகாமல் சுவரோரம் நிமிர்ந்து நின்றது. வால் தரையைத் தொடும்படி தொங்கியிருந்தது. கண்ணை மூடும், திறக்கும், அடிவயிற்றை இறுக்கி முக்கும். ஒன்றும் வராது. உங்கள் வீட்டில் ஒரு கோழி இப்படி நின்றால், மதியம் வரை பார்ப்போம் என்று விடாதீர்கள்.

அதற்கு முந்தைய மாதம் வெள்ளைக்கால் என்று நாங்கள் சொல்லும் கோழி இதேபோல நின்றது. வெயில் காரணம் என்று நினைத்து நிழலில் விட்டோம். சாயங்காலம் செத்துக் கிடந்தது. ஆறு கோழிகள் ஐந்தாயின. வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்த அம்மா, "இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா மிச்சத்தை யார்கிட்டயாவது குடுத்துடுவேன். என்னால பார்த்துக்கிட்டிருக்க முடியாது" என்றார்.

நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸ் வீடு. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நான் டிப்ளமோ முடித்து, மின் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் காண்ட்ராக்ட்டில் இருக்கிறேன். வீடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் வேலையோடு வந்தவை. வேலை முடிந்தால் போய்விடும். அம்மா தன்னுடையது என்று சொல்ல இந்தக் கோழிகள்தான் இருந்தன. அவற்றைக் கொடுத்துவிட அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

செவலையை அட்டைப்பெட்டியில் வைக்கும்போது பக்கத்து வீட்டு செல்வி அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். குறிஞ்சிப்பாடிக்காரர்.

"என்னாடி அது, நின்னுகினே தூங்குது? இன்னிக்கே அறுத்துடுங்க. கொழம்பாவது மிஞ்சும்."

"உங்க வீட்டுக்காரர்கூட ஷிப்ட் பஸ்ஸுல நின்னுக்கிட்டேதான் தூங்குறாராம்" என்றார் அம்மா. "அவரையும் அறுத்துடலாமா?"

"அந்தாளப் போட்டா கொழம்பே கெட்டுப்பூடும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் விரிக்க ஒரு பழைய துண்டை எடுத்துக் கொடுத்தார்.

வடலூரில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். செவலையின் அடிவயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்து, முட்டைத் தேக்கம் (உருவான முட்டை வெளியே வராமல் குழாயிலேயே நின்றுவிடுவது) என்றார். சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார். வீட்டில் செய்ய வேண்டியதையும் சொன்னார். குளிக்கிற பதத்தில் வெந்நீர், அதில் வயிறு முங்கும்படி உட்கார வைப்பது. பிறகு ஈரம் துடைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத அரையிருட்டில் விடுவது. முட்டை வரும் வாயைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை.

"கை துறுதுறுன்னு இருக்கும். அழுத்திப் பிதுக்கிடாதீங்க. உள்ளயே உடைஞ்சுதுன்னா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

துணி அலசும் டப்பில் உட்கார வைத்தபோது செவலை திமிறவில்லை. தலையை என் மணிக்கட்டின் மேல் சாய்த்துக்கொண்டது. அதன் இதயத் துடிப்பு தண்ணீரில் தெரிந்தது. மதியத்துக்குப் பிறகு முட்டை வந்தது. தோல்முட்டை (ஓடு கட்டாமல் சவ்வு மட்டும் மூடியது). கையில் எடுத்தால் பலூன்போல நெளிந்தது.

வந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருக்கவில்லை. வேலையில் ஒரு கருவி தானாகச் சரியாகிவிட்டால், அது மறுபடி நிற்கும் என்றுதான் எடுத்துக்கொள்வோம். காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். சாதமும் மீந்த காய்கறியும் போட்டு வளர்த்தது தவறு. முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்றினோம். கிளிஞ்சலை இடித்துத் தனித் தட்டில் வைத்தோம். குடற்புழு மருந்து கொடுத்தோம். கூட்டின் இடுக்குகளில் பேன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கருப்பியும் தோல்முட்டை போட ஆரம்பித்தது. செவலைக்கு மறுபடி அடைத்துக்கொண்டது.

இரண்டாவது முறை போனபோது முட்டைக்குழாயில் அழற்சி (புண்பட்டு வீங்குவது) என்று மருத்துவர் மருந்து எழுதினார். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அவர் சொல்லும் வரை அதற்குப் பிறகும், அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக் கூடாது. எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்:

"ராத்திரி கூட்டுல லைட் எரியுதா?"

"கூட்டுல இல்லீங்க மேடம். வீட்டுப் பின்பக்கம் எரியும்."

"வெளிச்சம் கூட்டுல விழுமா?"

"விழும். விடியிற வரைக்கும்."

பேனாவை மூடினார். "கண்ணு வழியா போற வெளிச்சம்தான் அது உடம்புக்கு முட்டை போடுன்னு சொல்லுது. ஓடு கட்டச் சத்து சேர்றதுக்குள்ள அடுத்த முட்டை, அடுத்த முட்டை. தீனியும் சரியில்லாம இருந்திருக்கு, அதுவும் ஒரு காரணம். உங்க கோழிங்களும் ஷிப்ட்தான் பாக்குதும்மா. என்ன, வீக்லி ஆஃப் கிடையாது."

எங்கள் வரிசையில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. ஆள் ஷிப்ட்டில் இருக்கும்போது பின்பக்க விளக்கை அணைக்க மாட்டார்கள். அப்பா வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டுச் சமையலறை வழியாகத்தான் வருவார். ஷிப்ட் மாறி மாறி வருவதால், அவர் வீட்டில் இருக்கும் வாரத்திலும் யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. தீவனம், புழு, பேன் எல்லாவற்றையும் யோசித்த நான் அந்த விளக்கை யோசிக்கவே இல்லை. அது எப்போதும் எரிவது.

அம்மாவிடம் சொல்லத் தயங்கி, முதலில் கூட்டைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டிப் பார்த்தேன். காற்று அடைபட்டு, கோழிகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. அவிழ்த்துப் போட்டேன். இந்த ஊர் வெக்கையில் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தேன்.

"அணைச்சுடேன். சுரங்கத்துக்குப் போறவனுக்கு வீட்டுப் பின்னாடி வெளிச்சம் காட்டணுமா என்ன?" என்றார் அப்பா. "இருட்டுல வண்டி நிறுத்தத் தெரியாதா எனக்கு?"

"அது உங்களுக்கா எரியுது?" என்றார் அம்மா. "எனக்கு எரியுது. அது எரிஞ்சாத்தான் நான் கண்ணை மூடுறேன்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இதை அவர் இப்போதுதான் கேட்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் அப்படித்தான். ஐந்து கோழிக்காக அம்மாவின் தூக்கத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை கருப்பி போட்ட முட்டை ஓடில்லாமல் கூட்டுத் தரையிலேயே உடைந்து கிடந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து அதைத் துடைத்தார். எழுந்தவர் அப்பாவிடம், "இனிமே வண்டியை முன்னாடி நிறுத்துங்க. முன் லைட்டைப் போட்டு வைக்கிறேன்" என்றார். முன்பக்கம் படி உயரம். அப்பா முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஏறச் சாய்வாக ஒரு பலகை போட்டார். அன்று சாயங்காலம் கோழிகள் அடைந்த பிறகு பின்பக்கம் இருட்டாயிற்று.

அம்மா சில நாட்கள் சரியாகத் தூங்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம், முன்விளக்கு தெரியும்படி இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பழகியது.

முட்டைகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. கழுத்திலும் வாலிலும் இறகு கொட்டியது. பயந்து மருத்துவருக்கு போன் செய்தேன். இது இறகுதிர்ப்பு (உடல் ஓய்வெடுத்துப் பழைய இறகை மாற்றுவது), விடுங்கள் என்றார்.

"முட்டையும் இல்ல, இறகும் இல்ல" என்றார் செல்வி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து. "சும்மா தீனி போட்டுகினு கெடக்குறீங்க."

"லீவுல இருக்குதுங்க" என்றார் அம்மா.

"சம்பளத்தோடயா?"

"பர்மனன்ட் ஆச்சே."

புது இறகு முள்முள்ளாக முளைத்து, பிறகு விரிந்தது. அதற்குப் பிறகு கருப்பி முதலில் போட்டது. நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரும் ஓடு. மற்ற மூன்றும் தொடங்கின. செவலை போடவில்லை. அதன் குழாயில் தழும்பு விழுந்திருக்கலாம், இனி போடாமலே இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடுவது பற்றி அம்மா பிறகு பேசவில்லை.

நோயாக இருந்தபோது செவலையைத் தூக்கினாலே என் விரல்கள் அடிவயிற்றில் முட்டையைத் தேடும். இப்போது மார்பெலும்பைச் சுற்றிச் சதை பிடித்திருக்கிறதா, தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்கின்றன. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மட்டுமே நாள் ஓடிய வீட்டில், பின்பக்கம் இப்போது பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் செவலையைக் கடைசியாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறேன். உள்ளே கொஞ்ச நேரம் இடம் பிடிக்கும் சலசலப்பு இருக்கும். அது அடங்கும்வரை அங்கேயே நிற்கிறேன். எனக்கும் வேறு வேலை இல்லை என்பதுபோல.